மெஷின் பக்கத்தில் நின்று பழக்குகிறவருக்கு ஒரு பாடப்புத்தகம்: நிமிக்கும் திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

கிண்டியில் இருக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனத்தின் (நிமி) பொறுப்பாளர்களுக்கும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கோவையில் ஒரு ஜாப் ஒர்க் மெஷின் ஷாப்பில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் ஓட்டிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், எதையும் முடிக்காமல் ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் என்று வேலை பழக வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பழக்கிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். எல்லோரும் கை தேர்ந்த வேலைக்காரர்கள். ஆனால் அடுத்தவருக்கு எப்படிப் பழக்குவது என்பதை அவர்களுக்கு இதுவரை யாரும் பழக்கவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையிலும் ஆலையிலும் வேலையோடு வேலையாக இளையவர்களுக்குச் சொல்லித்தரும் சீனியர்கள், சார்ஜ்ஹேண்டுகள், சூப்பர்வைசர்கள் ஆகியோருக்காக, தமிழில் ஒரு பாடத்தொகுப்பு வேண்டும். புத்தகம் அதில் ஒரு பகுதியாக இருந்தால் போதும். சட்டைப்பையில் வைக்கும் அட்டை, போனில் கேட்கும் ஒலிப்பதிவு, பத்துப் பேர் உட்கார்ந்து பயிற்சி செய்ய ஒரு வழிகாட்டி, இவைதான் முக்கியம்.

உங்கள் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. நிமி 1986-இல் ஜெர்மன் அரசின் உதவியோடு தொடங்கியதே பயிற்சிக்கான பாடங்களை எழுதத்தான். டிரேடு தியரி, டிரேடு பிராக்டிகல், அசைன்மென்ட் புத்தகம், சுவர்ப்படங்கள், கூடவே ஆசிரியர் கையேடு என்று ஒரு முழுத் தொகுப்பாக யோசித்துச் செய்கிறவர்கள் நீங்கள். எங்களிடம் வரும் ஃபிட்டர், டர்னர் பையன்கள் பலரும் உங்கள் புத்தகத்தைப் படித்துத்தான் வருகிறார்கள். அந்தக் கையேடு ஐடிஐ ஆசிரியருக்கு. அவருக்குக் கரும்பலகை உண்டு, கால அட்டவணை உண்டு, கிராஃப்ட் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி என்று தனியாக ஓராண்டுப் படிப்பே உண்டு. பையன் பட்டறைக்குள் கால் வைத்ததும் அவனுடைய ஆசிரியர் மாறிவிடுகிறார். புது ஆசிரியருக்கு டார்கெட் உண்டு, டெலிவரி தேதி உண்டு, கையேடு மட்டும் கிடையாது.

திறன் மேம்பாட்டுக் கழகம் 2022-லிருந்து நான் முதல்வன் திட்டத்தை நடத்துகிறது. அரசு 71 ஐடிஐகளை ரூ.2,877 கோடியில் புதுப்பித்து, ரோபோவும், கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷினும் கொண்டு வந்திருக்கிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். அந்த மெஷின்களில் பழகிய பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்கப்போவது எங்களைப் போன்ற ஆட்களின் பக்கத்தில்தான். அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள்.

சிஎன்சி லேத்தில் (கடைசல் மெஷினில்) பழகுநர் ஒருவர் ஜாப்பின், அதாவது கடைகிற துண்டின், உள்துளையைக் கடைந்துகொண்டிருக்கிறார். அந்தத் துளையைத்தான் போர் என்போம். 30 எம்எம், எச்7. அதாவது அளவு 30.000-க்கும் 30.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்தமே 21 மைக்ரான் இடம், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போர் கேஜ் போட்டுப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டே வருகிறார்: 30.018, 30.015, 30.011, 30.006. அடுத்த ஜாப் 29.998. "அண்ணா, அளவு வரலீங்க" என்று கூப்பிடுகிறார். சீனியர் வருகிறார். "தள்ளு கண்ணு." டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் பக்கத்தைத் திரையில் திறக்கிறார், விட்டத்துக்கான எக்ஸ் எண்ணில் கொஞ்சம் கூட்டுகிறார், சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்குகிறார். அளவு வந்துவிடுகிறது. "ம், ஓட்டு." போய்விடுகிறார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உற்பத்தி நிற்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. பையன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அளவு போனால் அண்ணனைக் கூப்பிட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மூளையே இல்லை" என்று டீக்கடையில் அதே அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதையே வேறு மாதிரியும் செய்யலாம். எங்கள் ஷாப்பிலேயே ஒரு மூத்த டர்னர் செய்கிறார், அவருக்கு யாரும் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "எழுதி வெச்சதக் காட்டு." தாளைப் பார்ப்பார். "ஏறுதா, எறங்குதா?" "எறங்குதுங்கண்ணா." "ஒரேயடியா விழுந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?" "கொஞ்சம் கொஞ்சமாத்தானுங்க." "அப்ப என்ன தேயுது?" பையன் இன்செர்ட்டை, அதாவது டூலில் மாட்டியிருக்கும் வெட்டுமுனைத் துண்டை, பார்ப்பான். இன்செர்ட் முனை தேய்ந்தால் போர் சின்னதாகிக்கொண்டே வரும் என்று ஐடிஐயில் படித்தது அப்போதுதான் அவனுக்கு உறைக்கும். கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "எந்த ஜாப்லயே இத நீ புடிச்சிருக்கலாம்?" பையன் 30.006-இன் மேல் விரலை வைப்பான். சில பேர் 30.011-இலேயே வைப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பையன் எண்களை எழுதுகிற விதமே மாறிவிடும். அதுவரை இன்ஸ்பெக்‌ஷன்காரருக்காக எழுதியவன், அப்புறம் தனக்காக எழுதுவான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆஃப்செட் போடும்போது மட்டும் அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பையன் எண்ணை அடித்ததும் "அமுக்காத" என்று நிறுத்தி, திரையைப் படிக்கச் சொல்வார். புள்ளி வைக்க மறந்து 15 என்று அடித்தால் சில கண்ட்ரோலில் அது 15 மைக்ரான், சிலவற்றில் 15 மில்லிமீட்டர். அந்த இடத்தில் "உனக்கு என்ன தோணுது தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் டூல் போய், ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கில் இடிக்கும். எங்கே கேட்பது, எங்கே சொல்வது, எங்கே கையைப் பிடித்து நிறுத்துவது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி. இதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தால் தமிழில் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் கோச்சிங் என்ற பெயரில் ஒரு பெரிய உலகமே இருக்கிறது. 1995-இல் தொடங்கிய பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழ் தருகிறது. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் படிப்பும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவமும் வேண்டும். மேனேஜர்களுக்கும் டைரக்டர்களுக்கும் அது உதவுகிறது என்றால் உதவட்டும். எங்கள் ஆட்களை அதில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் சூப்பர்வைசர்களை இரண்டு நாள் ஓட்டலுக்கு அனுப்பினார்கள். ஸ்லைடு முழுக்க ஆங்கிலம், பேச்சு பாதி ஆங்கிலம், உதாரணமெல்லாம் சேல்ஸ் டீம் பற்றி. சாப்பாடு பிரமாதம் என்றார்கள். திங்கட்கிழமை மறுபடி "தள்ளு கண்ணு."

அந்த உலகத்தின் சரக்கை அப்படியே தமிழில் மாற்றினாலும் பயன் குறைவு என்பது என் எண்ணம். உதாரணத்துக்கு குரோ என்ற முறை. பிரிட்டனில் 1980-களில் வந்தது. இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப்போகிறாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவது. வேலை ஓரளவு தெரிந்தவரிடம் இது நன்றாகவே எடுபடும். மூன்று வருஷம் ஓட்டிய ஆபரேட்டரிடம் "செட்டிங் நேரத்தைக் குறைக்கணும், என்ன வழி இருக்கு?" என்று கேட்டால் நமக்குத் தெரியாததையெல்லாம் சொல்வார். மெஷினில் கை வைத்து மூன்று நாளான பையனிடம் அதே மாதிரி கேட்பது கொடுமை. அவனுக்கு வழி தெரிந்தால் நம்மிடம் ஏன் நிற்கிறான்? முதலில் ஒழுங்காகக் காட்டித்தர வேண்டும். கேள்வி அப்புறம்.

ஒழுங்காகக் காட்டித்தருவதற்கு உலகமறிந்த ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1940-இல் அமெரிக்கா போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். கப்பலும் விமானமும் கட்ட லட்சக்கணக்கில் புது ஆட்கள் வந்தார்கள், பழக்குவதற்கு நேரமில்லை. அப்போது அரசு தொடங்கிய திட்டம்தான் டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி, சுருக்கமாக டிடபிள்யூஐ. 1945-இல் மூடும்வரை 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் அதிகமான சான்றிதழ்கள் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவில் வேலை பழக்கும் முறைக்கு அடிப்படை இதுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியாக 1950-களில் இந்தியாவுக்கும் வந்தது. அப்புறம் எங்கே போனது என்று நம் பட்டறைகளில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதன் அழகு அதன் சிறிய உருவத்தில் இருக்கிறது. வேலை பழக்கும் பகுதி மொத்தம் பத்தே மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வுகள், ஒரு குழுவில் பத்துப் பேர். முதல் அமர்வில் ஒரு மின்வயர் முடிச்சை எடுத்துக்கொள்வார்கள். எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார்கள், யாராலும் போட முடியாது. பேசாமல் கையால் மட்டும் போட்டுக் காட்டுவார்கள், அப்போதும் முடியாது. மூன்றாவதாக முறைப்படி காட்டுவார்கள், போட்டுவிடுவார்கள். அத்தோடு விரிவுரை முடிந்தது. மீதி அமர்வுகளில் ஒவ்வொருவரும் தன் சொந்த வேலையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, மற்றவர்கள் முன்னால் ஒருவருக்குப் பழக்கிக் காட்ட வேண்டும். படிகள் நான்கு. ஆளைத் தயார்படுத்து, வேலையைக் காட்டு, அவரைச் செய்ய வை, விட்ட பிறகும் கவனி. இந்த நான்கையும் அச்சடித்த சின்ன அட்டையை எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

அட்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் எழுதவேண்டிய தாள். பழக்கப்போகும் வேலையை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். இடது பக்கம் படிகள். வலது பக்கம் அந்தந்தப் படியின் முக்கியக் குறிப்பு. எது முக்கியக் குறிப்பு? வேலையைக் கெடுக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, வேலையைச் சுலபமாக்கும் சூட்சுமம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. நாலு தாடை சக்கில் டயல் கேஜ் வைத்து ஜாப்பைச் சென்டர் எடுப்பதை (ஆட்டமில்லாமல் நடுவில் சுற்றும்படி பிடிப்பதை) எங்கள் டர்னர் ஒருவரிடம் இப்படி எழுதச் சொன்னேன். "சக்கில் மாட்டு, டயல் வை, சென்டர் எடு" என்று மூன்று வரி எழுதிவிட்டு, அவ்வளவுதான் என்றார். அவரையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால், எதிரெதிர்த் தாடைகளை ஜோடியாகத்தான் அசைக்கிறார், முதலில் ஒன்றைத் தளர்த்திவிட்டுத்தான் எதிரிலிருப்பதை இறுக்குகிறார், டயல் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் நகர்த்துகிறார், சுற்றும் முன் சக் சாவியை எடுத்து டிரேயில் போடுகிறார். இதில் ஒன்றையும் அவர் எழுதவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. நல்ல வேலைக்காரர்கள் பலர் நல்ல ஆசான்களாக இல்லாததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். குணக்கேடு என்று சொல்வதெல்லாம் சும்மா.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இந்தத் தாள்கள். டர்னர், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், தையல் ஆபரேட்டர் ஆகிய வேலைகளில், புதிதாக வருகிறவர் முதல் மாதத்தில் தொட வேண்டிய வேலைகளைப் பிரித்து எழுதிய மாதிரித் தாள்கள் வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பித் தந்துவிடாதீர்கள். கொஞ்சம் நிரப்பியும், கொஞ்சம் பாதியில் விட்டும், மீதியைக் காலியாகவும் தாருங்கள். எழுதும்போதுதான் சீனியருக்கே தன் வேலை தெரியவரும். டிடபிள்யூஐ கையேடுகள் அமெரிக்க அரசு வெளியிட்டவை என்பதால் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் வரிக்கு வரி பெயர்க்க வேண்டாம். அந்த மின்வயர் முடிச்சுக்குப் பதிலாக நூற்பாலைகளில் அறுந்த நூலுக்குப் போடும் 'வீவர்ஸ் நாட்' முடிச்சை வைத்தால் கோவை, திண்டுக்கல் பக்கம் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, ஒலிப்பதிவுகள். இதைத்தான் அதிகம் வற்புறுத்துவேன். நிஜமான இடத்தில், நிஜமான ஆட்கள் பேசிக்கொள்ளும் மூன்று, நான்கு நிமிடப் பேச்சுகள். நடிகர் வேண்டாம், பின்னணி இசை வேண்டவே வேண்டாம். "தள்ளு கண்ணு" ரகம் ஒன்று, "எழுதி வெச்சதக் காட்டு" ரகம் ஒன்று. கேட்டுவிட்டு, "எந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்திருப்பீர்கள்?" என்று ஒரே கேள்வி. பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். பேருந்தில் வரும்போது கேட்பார்கள், டீ நேரத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள், அதுவே வகுப்பு. ஒரே மாதிரி தப்பை மூன்றாவது முறை செய்த பையனிடம் எப்படிப் பேசுவது, வயதில் மூத்த ஹெல்பருக்கு இளவயது டிப்ளமோக்காரர் எப்படிச் சொல்லித்தருவது, நன்றாகச் செய்தவனிடம் "சூப்பர்" என்பதற்கு மேல் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பதிவு வேண்டும்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். திருப்பூர் லைன்களில் டெய்லராக இருந்து சூப்பர்வைசர் ஆன அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய குரலும் அதில் வேண்டும். எங்கள் பக்கம் சிஎன்சிக்குப் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சில சீனியர்கள் கூச்சத்தில் இரண்டடி தள்ளி நின்று "பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டால் மரியாதை என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் நஷ்டம்தான்.

வடமாநிலத் தொழிலாளர் விஷயமும் இதோடு சேர்ந்தது. கோவை, திருப்பூர், ஓசூரில் இன்று பழக வருகிறவர்களில் பெரும்பங்கு இந்தியோ ஒடியாவோ பேசுகிறவர்கள். சொல்லித்தருபவர் தமிழர். நடுவில் ஓடுவது "ஐசா, ஐசா கரோ" (இப்படி, இப்படிச் செய்) என்கிற கை ஜாடை. முடிந்தது போலத் தலையாட்டுவார்கள், பாதி புரிந்திருக்காது. நான்கு படி அட்டையின் பின்பக்கத்தில், சீனியர் கேட்க வேண்டிய எட்டுப் பத்துக் கேள்விகளை இந்தியிலும் ஒடியாவிலும், ஆனால் தமிழ் எழுத்தில், அச்சடித்துத் தாருங்கள். "திகாவோ" (காட்டு), "க்யோன்?" (ஏன்?), "கஹாம் ருக்னா ஹை?" (எங்கே நிறுத்தணும்?) இவ்வளவு தெரிந்தாலே தலையாட்டலை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், செய்து காட்டச் சொல்லலாம். செலவு என்று பார்த்தால் ஒரு அட்டைக்கு ஆகும் மை.

நிமிக்குத் தொடக்கத்தில் கைகொடுத்த ஜெர்மனியில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே பழகுநரை எடுக்கும் நிறுவனத்தில், பயிற்சிக்குப் பொறுப்பானவர் அதற்கான தகுதியைக் காட்ட வேண்டும் என்று 1972-இலேயே விதி வந்துவிட்டது. தேர்வில் மூன்று மணி நேர எழுத்துப் பகுதியோடு, அரை மணி நேரச் செய்முறைப் பகுதியும் உண்டு, பழக்குவதற்கு எடுத்துக்கொண்ட வேலையை அதில் செய்துகாட்டியோ விளக்கியோ தேற வேண்டும். நிறுவனங்கள் அதிகம் பேரைச் சேர்க்கட்டும் என்று 2003-இல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள், 2009-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இங்கே அதைச் சட்டமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் பழகுநரே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடும். சட்டம் இல்லாமலே பாடத்தைத் தரலாம், வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டிலும் 1961-லிருந்து பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இரண்டரை முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். பழகுநரின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. இத்தனையிலும் பழக்குகிறவருக்கென்று ஒரு நோட்டுப்புத்தகம்கூட இல்லை.

முதலாளிகள் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "சூப்பர்வைசர் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பீஸ் யார் எடுப்பது?" அவர்கள் பயம் நியாயமானது. டெலிவரி நாளில் "எறங்குதா, ஏறுதா?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, நானும் தள்ளிவிட்டு ஆஃப்செட் போடுகிறவன்தான். ஆனால் எல்லா நாளும் டெலிவரி நாள் இல்லை. திறன் மேம்பாட்டுக் கழகம் தொழிற்சாலைகளோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிகளில், பழக்குகிறவரின் பத்து மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கினால் இந்தப் பேச்சு பாதி குறையும். சம்பந்தப்பட்டவருக்கு ஒரு சான்றிதழும் கொடுங்கள். வகுப்பில் பாடம் நடத்தும் பயிற்றுநர்களுக்குத் திறன் தகுதிக் கட்டமைப்பில் தனித் தகுதி இருப்பதுபோல, மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒன்று இருக்கட்டும். தேர்வு வைத்தால் எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு புது ஆளைக் கொடுத்து ஒரு வேலையைப் பழக்கச் சொல்லுங்கள். அந்தப் புது ஆள் தனியாகச் செய்துவிட்டால் இவர் பாஸ்.

ஒரே நேரத்தில் எல்லாத் தொழிலுக்கும் செய்ய வேண்டியதில்லை. டர்னிங்கில் ஆறு தாள், தையலில் ஆறு தாள், பத்து ஒலிப்பதிவு, ஒரு அட்டை. இதை மட்டும் செய்து, கோவையில் ஒரு பத்துப் பேர் குழு, திருப்பூரில் ஒரு பத்துப் பேர் குழு என்று ஓட்டிப் பாருங்கள். நூற்பாலை ஆட்களைப் பல காலமாகப் பழக்கிவரும் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா கோவையில்தான் இருக்கிறது, அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதுகிறவர்கள் கிண்டியில் உட்கார்ந்தே எழுதிவிடாமல் பட்டறைக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எங்கள் ஷாப்புக்கு வர ஓனரிடம் நான் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கம்ப்ரஸர் சத்தத்தில் பேச்சு சரியாகப் பதியாது. காலர் மைக் இருந்தால் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர்,
கோவை